சௌந்தரநாயகிக்கு வெற்றிலை கிடையாது

நடிப்பு என்பது, செய்யாத தப்புக்கு ஊரெல்லாம் திட்டு வாங்கிவிட்டு, அந்தத் திட்டையே நற்சான்றிதழாகப் பத்திரப்படுத்திக்கொள்ளும் தொழில்.

இதில் நீங்கள் எனக்கு அந்நியர் இல்லை. கரண்ட் பில் கட்டும் கவுண்டரில் உட்காருகிறவராக நீங்கள் இருக்கலாம். நேற்று ஊரில் கரண்ட் போனதற்கு நீங்கள்தான் பதில் சொல்லியிருப்பீர்கள். பஸ் கண்டக்டராக இருக்கலாம். டயர் பஞ்சரானது உங்கள் குற்றம். கணக்கு டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். யாரோ எழுதிய வசனத்தை நாம் பேசுகிறோம், கேட்கிறவர்கள் நம்மைத்தான் முறைக்கிறார்கள். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பெயர் எஸ்தர். பிறந்தது சாத்தான்குளம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனேன். அங்கிருந்து மேடை, மேடையிலிருந்து டிவி. எஸ்தரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. சௌந்தரநாயகியைத் தெரிந்திருக்கும். ஏழு வருஷம், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு ஹாலுக்குள் வந்து, மருமகளை அழவைத்துவிட்டுப் போன மாமியார் நான்தான். மன்னித்துவிடுங்கள்.

கைக்குட்டை அழுகை

எங்கள் ஆபீஸில் சேவியர் அண்ணன் என்று ஒரு கிளார்க். கீழவைப்பார் என்கிற கடற்கரை ஊர்க்காரர். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் எழுதி, இயக்கி, திரையையும் அவரே இழுப்பார். ஒரு வருஷம் மதுரையிலிருந்து வரவேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். காலை பதினொரு மணிக்கு என் டைப்ரைட்டர் முன்னால் வந்து நின்றார்.

"ஏளா எஸ்தரு, ஒனக்கு அழ வருமா?"

"யாருண்ணே செத்தா?" என்று பதறிப்போய் எழுந்துவிட்டேன்.

"இன்னும் சாவல. சாயங்காலம் ஏழு மணிக்குச் சாவான். நீதான் அவனுக்கு அம்ம."

கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன மகன் பிணமாகக் கரைக்கு வருகிறான். தாய் அழ வேண்டும். வசனம் நாலே வரி. எனக்கு இருபத்திரண்டு வயது, மகனாக நடித்தவனுக்கு இருபத்தெட்டு. எங்கள் சாத்தான்குளத்தில் துக்க வீட்டில் எப்படி அழுவார்களோ அப்படியே செய்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றி, சத்தம் வராமல் தோளை மட்டும் குலுக்கினேன். மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் என்னையே பார்த்தது. யாரும் அசையவில்லை. பிணம்கூட ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

முன்வரிசையில் என் வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு எழுந்தாள். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "எய்யா, என் ராசா!" என்று வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். அவளைத் தொடர்ந்து பக்கத்துப் பெண்கள். அவர்களைத் தொடர்ந்து நான். கைக்குட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் என் தொண்டைக்குள் இப்படியொரு குரல் இருப்பதே எனக்குத் தெரிந்தது. நாடகம் முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். அவளுடைய புருஷனும் சங்கு குளிக்கிறவர்தான்; முழு ஆரோக்கியமாகப் பக்கத்தில் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்திரிக்கலன்னா நான் இன்னைக்குத் தோத்திருப்பேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"நீ அழுதது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க கடக்கரையில கடலு சத்தத்துக்கு மேல கேக்கணும்லா?"

மேடையின் உயரம்

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு ஆபீஸ் போறா, சர்ச் கொயர்ல பாடுறா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாடகம் என்ற சொல்லைச் சுற்றிக்கொண்டு போன அழகைப் பார்த்து, நடிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

மாப்பிள்ளை சாமுவேல், ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். அதிகம் பேசாத ஆள். தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். "நான் நாடகத்துல நடிக்கேன். கோயில் திருவிழா, யூனியன் விழான்னு எங்க கூப்பிட்டாலும் போவேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். சரி, காபி வீணாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

"மேடை எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்றார்.

"நாலடி. சில ஊர்ல அஞ்சடி."

முதல்முறையாக முகம் நிமிர்ந்து சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் நான் அவரிடம் அனுமதி கேட்க வேண்டி வந்ததில்லை. காரணம், அன்று அவர் சொன்ன பதில்தான்:

"நான் தெனமும் நூறடி ஏறி எறங்குதேன். எங்கம்மா பயந்துக்கிட்டேதான் அனுப்புதாவ. நீயும் ஏறு. படி ஒழுங்கா இருக்கான்னு மட்டும் பாத்துக்க."

கப்பல் பேசிய வசனம்

துறைமுகத் தொழிலாளர்களுக்காக மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நாடகம். ஹால், ஹார்பர் மதிலுக்கு இந்தப் பக்கம். வெளிநாடு போன அண்ணனுக்காகக் காத்திருக்கும் தங்கை நான். பார்வையாளர்களைக் கதறவைக்கும் காட்சி என்று எங்களுக்குள் ஒரு பெருமை இருந்தது.

வாசலைப் பார்த்து, "யாரு வந்தது? எங்க அண்ணனா?" என்று கேட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கப்பல், "பாஆஆம்" என்றது. கூட்டம் பொறுத்துக்கொண்டது. அடுத்த வசனம், "அண்ணே, நீ என்னை மறந்துட்டியா?" மறுபடியும் "பாஆஆம்". ஹாலின் பின்பக்கம் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். மூன்றாவது வசனத்துக்கு முன்னால் நான் இரண்டு நிமிஷம் வாயே திறக்காமல் நின்றேன். கப்பலும் மூச்சு விடவில்லை. நிம்மதியாக, "பதில் சொல்லுண்ணே!" என்றேன். சொல்லிற்று.

அதற்குமேல் யாராலும் முடியவில்லை. அறுநூறு பேர் சிரிக்கிறார்கள், நான் நடுவில் தலைவிரி கோலமாக நிற்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் நிஜ அழுகை. என்ன தோன்றியதோ, சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "எங்க அண்ணந்தான் வரல, நீயாவது பதில் சொல்லுதியே, நல்லா இரு" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் உண்மையான வருத்தத்தோடு வந்து நின்றார்:

"எக்கா, அந்தக் கப்பலு இன்னைக்கே போயிரும். நாளைக்கு இன்னொருக்கா போடுங்க, நாங்க ஒழுங்கா அழுதுருதோம்."

உப்பளத்தில் ஒரே ஒரு வரி

டிவிக்குள் நான் நுழைந்தது உப்பளம் வழியாக. சென்னையிலிருந்து ஒரு சீரியல் கம்பெனி தூத்துக்குடியில் படப்பிடிப்புக்கு வந்திருந்தது. சரவணன் என்று ஒரு டைரக்டர். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணாக உள்ளூர் ஆள் ஒருத்தி வேண்டும், கதாநாயகியிடம் சொம்பை நீட்டி, "தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முந்தின நாளெல்லாம் அந்த ஒரு வரியைச் சமையலறையில் நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாமுவேல் நாற்பது முறையும் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. உப்புக் குவியல்களில் வெயில் பட்டு, கண்ணைத் திறக்க முடியவில்லை. கதாநாயகி பெங்களூரிலிருந்து வந்த சின்னப்பெண். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் நடந்து வருகிறாள். நான் சொம்பை நீட்டுகிறேன். அவள் கண் சொருகி அப்படியே சரிந்தாள். நான் சொம்பைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தேன். வசனம் மறந்துபோய், கீழவைப்பாரில் கிடைத்த குரலில் கத்தினேன்: "ஏலே, என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய? புள்ள விழுந்துட்டாலே! தண்ணி கொண்டாங்கலே!" கேமராமேன் உட்பட அத்தனை பேரும் தண்ணீருக்கு ஓடினார்கள். கேமரா மட்டும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் மோர் குடித்து எழுந்து உட்கார்ந்தாள். என் மடியைவிட்டு நகர அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. என் ஒரு வரி வசனம் படமாகவே இல்லை. டிவி வாழ்க்கை உப்பளத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து சரவணனிடமிருந்து போன் வந்தது:

"அம்மா, நீங்க கத்தினதை அப்படியே சீரியல்ல வச்சுட்டேன். அந்தக் குரலுக்குன்னே இப்ப ஒரு மாமியார் எழுதியிருக்கேன், எப்ப வர்றீங்க?"

ஆத்தூரில் கிடைக்காத வெற்றிலை

அப்படித்தான் நான் சௌந்தரநாயகி ஆனேன். மாதத்தில் இருபது நாள் சென்னை, பத்து நாள் தூத்துக்குடி. தூத்துக்குடியில் இருக்கும் பத்து நாளும் நான் வெளியில் போவதில் சின்னச் சின்னச் சிக்கல்கள் வர ஆரம்பித்தன. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக முறைப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியைக் கொஞ்சம் அழுத்தமாகவே போடுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

சாமுவேலின் தங்கை மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்க, அதற்குப் பேர்போன பக்கத்து ஆத்தூருக்குப் போனோம். வழக்கமாக வாங்குகிற கடையில் அன்று பேச்சியம்மாள் என்கிற பெண் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வெற்றிலைக் கட்டின்மேல் ஈரத்துணியை இழுத்து மூடினார்.

"ஒனக்கு வெத்தில கெடையாது."

"ஏம்மா?"

"வயித்துப் புள்ளக்காரிய மழையில வெளிய தள்ளிட்டு, இங்க வந்து வெத்தில கேக்கியோ?"

போன வெள்ளிக்கிழமை எபிசோடு. மழை, தண்ணீர் லாரியிலிருந்து வந்தது. மருமகளாக நடிக்கிற பெண்ணுக்கு வயிற்றில் கட்டியிருந்தது என்னுடைய தலையணை. அதையெல்லாம் சொன்னேன். எடுபடவில்லை. பின்னால் நின்ற நாலு பேர் பேச்சியம்மாள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். சாமுவேல் என்னைத் தெரியாதவர்போல வாழைத்தார் விலை விசாரிக்கப் போய்விட்டார். வேறு வழியில்லாமல், கதையை வெளியே சொல்லக் கூடாது என்ற சத்தியத்தை மீறினேன். குனிந்து அவர் காதோடு, "வியாழக்கெழம நானே போயி அவளைக் கூட்டிட்டு வந்துருதேன். எடுத்து முடிச்சாச்சு" என்றேன். அவர் என் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை விலக்கி, நல்ல கொழுந்தாகப் பார்த்து எடுத்துக் கட்டினார். கையில் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை:

"வியாழக்கெழம மட்டும் அவள கூப்பிடலன்னு வையி, வெத்திலய அப்படியே திருப்பிக் கொண்டாந்துரணும், சொல்லிட்டேன்."

நிர்மலா கட்டிய பச்சைச் சேலை

இனி எழுதப்போவதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

சீரியல் ஆறாம் வருஷத்தில் இருந்தபோது என் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் நரம்புக்கு மிகப் பக்கத்தில் கை வைக்க வேண்டியிருந்ததாக டாக்டர் சொன்னார். "ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்புறம் குரல் வந்துவிடும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "வரணும்" என்றார். அந்த 'வரணும்' என் தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. குரல்தான் என் முதல். வேறென்ன இருக்கிறது எனக்கு? அழகுக்காக என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

சேனல்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டால் முடிந்தது. மறுநாள் மக்கள் புதிய மாமியாரைத் திட்டப் பழகிவிடுவார்கள். நிர்மலா என்கிற நடிகையைக் கூப்பிட்டார்கள். எனக்கு அவரை ஓரிரு தடவை பார்த்த பழக்கம்தான். நல்ல நடிகை. எட்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தவர். மேக்கப் போட்டு, சௌந்தரநாயகியின் பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டி, பெரிய பொட்டு வைத்து செட்டுக்குள் வந்து நின்றாராம். எல்லாரும் "பொருத்தம், பொருத்தம்" என்றார்களாம். அவர் சரவணனிடம், "அந்த அம்மாவுக்குக் குரல் போயிருச்சா, வரப்போகுதா?" என்று கேட்டிருக்கிறார். "வரும்னுதான் டாக்டர் சொல்றார்" என்றிருக்கிறார் சரவணன்.

"அப்போ வர்ற வரைக்கும் சௌந்தரநாயகி மௌன விரதம் இருக்கட்டுமே சார். மருமகளை முறைச்சே சாகடிக்கலாமே" என்று யோசனை சொன்னவர் நிர்மலாதான். அப்படியே எழுதினார்கள். மூன்றாவது வாரமே நான் செட்டுக்குத் திரும்பினேன், கையில் ஒரு சிலேட்டோடு. நான் எழுதுவதை உரக்கப் படித்துச் சண்டை மூட்டும் நாத்தனாராக ஒரு புது வேடம் சேர்த்தார்கள்; அதை நிர்மலாவுக்கே கொடுத்தார்கள். என் வேலையை எனக்கே விட்டுக்கொடுத்த நாளில் தனக்கு அப்படியொரு வேடம் வரும் என்று அவருக்குத் தெரியாது. பச்சைச் சேலையைக் கழற்ற மேக்கப் அறைக்குள் திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சேலை எனக்குச் சரியா இருக்கு சார். அவங்க இடந்தான் சரியா இருக்காது."

இறக்கு

அந்த மாதங்களில் சாமுவேல் நீண்ட லீவு போட்டுவிட்டுச் சென்னை வாடகை வீட்டில் என்னோடு இருந்தார். நான் பேசக் கூடாது. அவருக்குப் பேசுகிற பழக்கமே கிடையாது. வீடு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் அவர் எனக்கு ஹார்பர் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். கீழே நிற்கிறவர் கிரேனில் இருப்பவருக்குக் காட்டுகிற சைகைகள். விரலை மேல்நோக்கிச் சுற்றினால் 'தூக்கு'. கீழ்நோக்கிச் சுற்றினால் 'இறக்கு'. கையை விரித்து நீட்டினால் 'நில்'. எங்கள் சாப்பாட்டு மேஜையில் 'இறக்கு' என்றால் இன்னும் கொஞ்சம் சோறு, 'நில்' என்றால் போதும். சண்டைகூட அதிலேயே போட்டோம். அவருக்கு முப்பது வருஷப் பழக்கம் என்பதால் அவரே ஜெயித்தார்.

ஆறு வாரம் முடிந்தது. வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. டாக்டர், "பொறுங்கள்" என்றார். ஏழாவது வாரமும் காற்றுத்தான். எட்டாவது வாரம் நான் வாயைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். செட்டில் சிலேட்டும் பல்பமுமாக முறைத்துவிட்டு வந்து, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சாமுவேல் எழுந்து அடுப்படிக்குப் போவார். டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார்.

ஒன்பதாவது வாரம், ஒரு காலை. அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு வருகிறேன், பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. சைகை காட்டலாம் என்றால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். "பால்!" என்றேன். கரகரவென்று, தகரத்தைத் தேய்த்ததுபோல ஒரு சத்தம். இரண்டு பேருமே திடுக்கிட்டுப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தோம். பிறகு அவர் ஓடிப்போய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். துணி எடுக்க மறந்து கையைச் சுட்டுக்கொண்டார். சுட்ட கையை உதறிக்கொண்டு, கண் நிறையத் தண்ணீரோடு, திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எறக்கியாச்சு எஸ்தரு, எறக்கியாச்சு. சரக்கு பத்திரம்."

லீவு நாள்

அப்பா என் நடிப்பைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் வரும். "செவ்வாய்க்கிழமை 'வாழைப்பழம்'னு சொன்னியே, முதல் ழகரம் சரி. இரண்டாவது வழுக்கிட்டு." வைத்துவிடுவார். ஏழு வருஷத்தில் எனக்கு வந்த விமர்சனங்களில் நான் பயந்தது இதற்கு மட்டும்தான்.

போன வருஷம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சாத்தான்குளம் வீட்டு ஹாலில் பெட்டி. ஊரே வந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால்தான் சௌந்தரநாயகி புருஷன் பிணத்தின்மேல் விழுந்து பொய்யாக அழுகிற எபிசோடு வந்திருந்தது. "அதே மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது. இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன. எனக்கு அழுகை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. அழுதால் நடிப்பு என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சு என்பார்கள். பெற்ற தகப்பனுக்கு அழக்கூட எனக்கு ஒரு இடம் இல்லையா என்று தோன்றியது. என் தொழிலை நான் வெறுத்தது அந்த ஒரு காலைதான்.

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கராஜ் அண்ணாச்சி அப்போதுதான் உள்ளே வந்தார். அப்பாவிடம் படித்தவர். மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் போன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் அதைத் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டுக்குப் பின்னால் நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கையை இறக்கவே இல்லை. அவருக்கு வயது அறுபது. கூட்டத்தைப் பார்த்து அவர் போட்ட அதட்டல் மட்டும் இப்போதும் காதில் இருக்கிறது:

"போனையெல்லாம் பைக்குள்ள போடுங்கலே. இங்கன இருக்கது சார்வாள் மவ. அந்த மாமியாக்காரிக்கு இன்னைக்கு லீவு."

கொஞ்சந்தான்

சீரியல் முடிந்துவிட்டது. கடைசி வாரம் சௌந்தரநாயகி திருந்தி, மருமகள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தாள். இப்போது மாதத்தில் ஏழெட்டு நாள் சென்னை. சின்னச் சின்ன வேடங்கள். மற்ற நாட்களில் தூத்துக்குடியில் மறுபடியும் மேடை. குரல் முன்போல இல்லை, கொஞ்சம் கரகரப்பு. வில்லிக்கு அதுவும் நல்லதுதான் என்கிறார் சரவணன்.

போன வாரம் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்க பேக்கரிக்குப் போயிருந்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று பழக்கதோஷத்தில் சிரித்துவைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏழு வருஷம் விடாம பாத்தேன்ம்மா. ஒங்கள திட்டித் தீப்பேன். ஒருநா நீங்க ஒரு பேச்சுப் பேசுனிய, 'எம் மவன் சம்பாதிக்கான், நீ உக்காந்து திங்க'ன்னு. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. அன்னைக்குக் காலையிலதான் நான் எம் மருமவள அதே வார்த்த சொல்லியிருந்தேன். டிவிய அமத்திட்டுப் போயி அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுலருந்து நான் மாறிட்டேன்ம்மா" என்றார். விருது எதுவும் என் அலமாரியில் இல்லை. அன்று அந்தக் குறையும் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் பணம் கொடுக்க அந்தப் பக்கம் திரும்பியதும், இதுவரை பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற இளம்பெண் எட்டி வந்து என் காதில் சொன்னாள்:

"கொஞ்சந்தான் மாறியிருக்காவ, எக்கா. இன்னொரு சீரியல் நடிங்க."

சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் கெட்டவள் வேடம்; நல்லவர் வேடங்களையெல்லாம் என்னைச் சுற்றியிருந்தவர்களே எடுத்துக்கொண்டு, ஒரு ரிகர்சல்கூட இல்லாமல், என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள்.